பச்சை இறைச்சி உண்ணும் நாய்க்கு மலச்சிக்கல்: குறை நாரிலா, எலும்பிலா?

ஈசூன்வாசி:
வணக்கம். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வளரும் என் ஏழு கிலோ ஷிட்சூ இன நாய்க்குத் தேக்கா சந்தையில் வாங்கும் கோழிக் கழுத்தையும் பாதத்தையும் கொஞ்சம் சதைக்கறியோடு பச்சையாகவே கொடுத்து வருகிறேன். அண்மைக் காலமாக அது நெடுநேரம் முக்குகிறது. வெளிவரும் மலமோ வெளுத்துப்போய், குச்சியால் தொட்டாலே சுண்ணாம்புப் பொடியாக உதிர்கிறது. அவித்த பரங்கிக்காயைச் சேர்த்தால் சரியாகிவிடுமா?

பொங்கோல் கதிர்:
தாராளமாகச் சேருங்கள், சகோதரி. இறைச்சியில் நார்ச்சத்தே கிடையாது என்பதால் பரங்கிக்காய்தான் அந்தக் குறையை நிரப்பும். மலம் கெட்டியாக இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஆசனவாயின் இருபுறமும் உள்ள சுரப்பிப் பைகள் அழுந்திக் காலியாவதற்கு அந்தக் கெட்டித்தன்மை உதவுகிறது. எலும்பின் அளவை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.

முல்லை:
கதிர் அண்ணா, சுரப்பிப் பைகளைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், ஆனால் கெட்டியாக இருப்பதும் பொடியாக உதிர்வதும் ஒன்றல்ல. கோழிக் கழுத்தின் எடையில் ஏறத்தாழ 36 விழுக்காடும் பாதத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடும் எலும்பு. 200 கிராம் உணவில் 100 கிராம் கழுத்து, 50 கிராம் பாதம், 50 கிராம் சதை என்று வைத்தால், எலும்பு மட்டுமே 66 கிராம், அதாவது மூன்றில் ஒரு பங்கு ஆகிவிடுகிறது. பச்சை உணவு கொடுப்போர் பொதுவாகப் பின்பற்றும் அளவோ 10 விழுக்காடுதான். உடல் ஏற்காத எலும்புத் தாது பெருங்குடலில் தங்கி, நீரும் உறிஞ்சப்பட்ட பின் காய்ந்து வெளுத்துப்போவதைத்தான் சகோதரி பார்க்கிறார். பாதத்தை நிறுத்திவிட்டு, கழுத்தை ஏறத்தாழ 55 கிராமாகக் குறைத்து, மீதியைச் சதையாகவும் சிறிதளவு ஈரலாகவும் கொடுங்கள்.

பொங்கோல் கதிர்:
ஒரேயடியாகக் குறைக்கச் சொல்வதுதான் எனக்குக் கவலையளிக்கிறது. சதையில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. எலும்பில்லாத இறைச்சியையே நெடுநாள் உண்ணும் நாய், குறிப்பாகக் குட்டி, தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை இழக்கும். பரங்கிக்காயால் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது?

முல்லை:
எலும்பை அறவே நிறுத்தும்படி நான் சொல்லவில்லை, அளவைத்தான் சொல்கிறேன். ஒரு தேக்கரண்டி பரங்கிக்காயால் கெடுதல் இல்லை. ஆனால் காரணத்தை அப்படியே விட்டுவிட்டு நாரை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், அதிலும் நார்ச்சத்து மிகுந்த உமியான இசப்கோலைப் போதிய நீரில்லாமல் கொடுத்தால், ஏற்கெனவே அடைத்திருக்கும் குடலில் மேலும் சுமை ஏற்றுவதாகவே முடியும். உணவிலேயே வெந்நீரை ஆறவைத்து ஊற்றிக் கொடுப்பது அதைவிடப் பயனுள்ளது. ஈரலையும் அள்ளிக் கொடுத்துவிடக் கூடாது. அதிலுள்ள வைட்டமின் ஏ உடலில் தேங்கும்.

தெம்பனிஸ் தாதி:
நீங்கள் இருவரும் பச்சையாகக் கொடுப்பதைக் கேள்வியே இல்லாமல் ஏற்றுக்கொண்டு பேசுகிறீர்கள். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012ஆம் ஆண்டிலேயே பச்சை இறைச்சி உணவு வேண்டாம் என்ற நிலைப்பாட்டை எடுத்தது. நாய் நலமாகத் தோன்றினாலும் அதன் மலத்தில் சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமி வெளியேறக்கூடும். முதியவரும் கைக்குழந்தையும் இருக்கும் வீவக வீட்டில் அது சிறிய விஷயமன்று. சமைத்தே கொடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். ஆனால் வேகவைத்த எலும்பு கூராகச் சிதறிக் குடலைக் கிழிக்கக்கூடும் என்பதால், எலும்பை முழுவதும் நீக்கிவிட்டு, கால்சியத்தை எந்த அளவில் சேர்ப்பது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

பொங்கோல் கதிர்:
இறைச்சியை நன்கு உறையவைத்து, வெட்டும் பலகையைத் தனியாக வைத்துக்கொண்டால் போதாதா?

தெம்பனிஸ் தாதி:
போதாது. உறையவைத்தால் சில ஒட்டுண்ணிகள் சாகும், சால்மோனெல்லா பிழைத்துவிடும்.

ஈசூன்வாசி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று முன்தினம் முதல் அது மலமே கழிக்கவில்லை. முக்கும்போது சிறிது நீர் மட்டும் கசிகிறது. மருந்துக் கடையில் மனிதர்களுக்கு விற்கும் எனிமாவை, அதாவது மலம் இளக ஆசனவாய் வழியே செலுத்தும் மருந்து நீரை, வாங்கிக் கொடுக்கலாம் என்று அத்தான் சொல்கிறார்.

முல்லை:
தயவுசெய்து வேண்டாம், சகோதரி. அவற்றில் பலவற்றில் இருக்கும் சோடியம் பாஸ்பேட் சிறிய நாயின் உடலில் ஏறிவிட்டால் இரத்தத்தில் கால்சியம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நீர் கசிவதை வயிற்றுப்போக்கு என்றும் எண்ணிவிடாதீர்கள். இறுகிய மலத்தைச் சுற்றி நீர் மட்டும் வழிந்து வரக்கூடும். இன்றே மருத்துவரிடம் கொண்டுபோய், என்னென்ன எலும்பு, எத்தனை கிராம் கொடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

பொங்கோல் கதிர்:
இதில் முல்லை சொல்வதே சரி. பரங்கிக்காயையும் இப்போது கொடுக்க வேண்டாம், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.