தேதி காலியா இருக்கா?

குழு: பாட்டுக்குழு குடும்பம்

அண்ணன்: நம்ம வெப்சைட்டுக்கு ஆள் வர்றாங்க, கல்யாணக் கச்சேரிக்கு விசாரணைதான் வரமாட்டேங்குது. இந்த மாசம் ஃபார்ம் வழியா வந்தது ஒண்ணே ஒண்ணு. மேல இருக்கற வீடியோவை மாத்திப் பாக்கலாமா?

தங்கச்சி: வீடியோ நல்லாத்தான் இருக்குண்ணா. ஃபார்ம்தான் ஆளை விரட்டுது. எண்ணிப் பாத்தேன், 14 கேள்வி. அதுல 11 கட்டாயம். அண்ணி, கல்யாணப் பொண்ணா உங்களை நினைச்சுக்கிட்டு போன்ல ஒரு தடவை நிரப்பிப் பாருங்களேன்.

அண்ணி: இரு, பாக்கறேன்.

அண்ணி: கட்டத்தைத் தொட்டதுமே பக்கம் பெருசாகி ஓரமா ஒதுங்கிடுச்சு. போன் நம்பர் போடப் போனா எழுத்துதான் வருது, எண்ணைத் தேடித் தேடி அடிச்சேன். எல்லாம் முடிச்சு அனுப்புனா "செல்லாத எண்"ங்குது. நம்பருக்கு நடுவுல ஒரு இடைவெளி விட்டிருந்தேன், அவ்வளவுதான். அடிச்சது மொத்தமும் அழிஞ்சுபோச்சு.

அண்ணி: மறுபடி முதல்லேர்ந்து நிரப்ப எனக்கே மனசு வரல.

சித்தப்பா: கேள்வி எல்லாம் தேவைன்னுதானேம்மா வெச்சோம். மேடை எவ்வளவு அகலம், கரண்ட் தாங்குமான்னு தெரியாம ஸ்பீக்கரை எப்படி ஏத்தறது? ஒரு தடவை கேக்காமப் போய் ஜெனரேட்டருக்கு அலைஞ்சது நான்.

தங்கச்சி: நியாயம்தான் சித்தப்பா. ஆனா அது புக் ஆனப்புறம் வேண்டிய கேள்வி. முதல் நாள் விசாரிக்கற பொண்ணுக்கு மேடை அகலம் எப்படித் தெரியும்? மண்டபத்துல கேட்டுட்டு அப்புறம் நிரப்பலாம்னு மூடி வெப்பா. திரும்ப வரமாட்டா.

தங்கச்சி: அவளுக்கு இப்போ தெரியவேண்டியது, அந்தத் தேதியில நாம காலியா இருக்கோமாங்கறது மட்டும்தான். அதுக்குப் பேரு, தேதி, ஊரு, போன் இல்லேன்னா இமெயில், இந்த நாலு போதும். மேடை, கரண்ட், பாட்டு லிஸ்ட் எல்லாம் நீங்க போன்ல பேசும்போது கேளுங்க. உங்ககிட்ட பேசினா ஜனங்களுக்கு நம்பிக்கை வரும், கட்டத்தைப் பாத்தா வராது.

சித்தப்பா: பட்ஜெட்டையாவது விட்டு வை. சும்மா ரேட் கேக்கறவங்க கிட்டயே பாதி நாள் போயிடும்.

தங்கச்சி: அவங்ககிட்ட கேக்கறதுக்குப் பதிலா, நம்ம ஆரம்பத் தொகையை ஃபார்முக்கு மேல நாமளே போட்டுடலாம். கட்டுப்படியாகாதவங்க பாத்துட்டுப் போயிடுவாங்க.

அண்ணன்: ரெண்டு மூணு கட்டத்துல அவ்வளவு வித்தியாசம் வந்துடுமா?

தங்கச்சி: ஒரே கட்டத்துல வந்திருக்குண்ணா. எக்ஸ்பீடியான்னு ஒரு டிராவல் புக்கிங் சைட். அதோட ஃபார்ம்ல பேருக்குக் கீழ "கம்பெனி"ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. நிறைய பேர் அதுல பேங்க் பேரைப் போட்டு, முகவரிலயும் பேங்க் முகவரியையே போட்டுட்டாங்க. கார்டு முகவரியோட ஒத்துப்போகாம புக்கிங் நின்னு போச்சு. அந்தக் கட்டத்தை எடுத்ததுல வருஷத்துக்கு 1.2 கோடி டாலர் லாபம் கூடுச்சுன்னு 2010-ல சொன்னாங்க.

அண்ணன்: அடேயப்பா. சரி, தேதியே இன்னும் முடிவாகாதவங்க?

தங்கச்சி: நல்லா கேட்டீங்க. தேதியைக் கட்டாயமா வெச்சா அவங்க பொய்த் தேதி போடணும், இல்ல போயிடணும். பக்கத்துல "இன்னும் முடிவாகல"ன்னு ஒரு டிக் வைக்கறேன்.

தங்கச்சி: அண்ணி போன் ஐபோன். கட்டத்துல எழுத்து 16 பிக்சலுக்குக் கீழ இருந்தா அதுல பக்கம் தானா பெருசாகும், சரி பண்ணிடறேன். நம்பர் கட்டத்தை "டெல்" வகையா மாத்தினா எண் பலகையே வரும். இடைவெளியை நாமளே நீக்கிக்கலாம், அதுக்காக அவங்களைத் திருப்பி அனுப்பறது தப்பு.

அண்ணன்: ஐயோ. இப்பத்தான் ஸ்பேமைத் திறந்தேன். 3 விசாரணை உள்ள கிடக்கு.

தங்கச்சி: வந்தவங்க இமெயிலையே அனுப்புநரா போட்டு நம்ம ஃபார்ம் அனுப்பியிருக்கும். அவங்க பேர்ல அனுப்ப நம்ம சர்வருக்கு அனுமதி இல்லாததால ஜிமெயில் போலின்னு நினைச்சுடும். அனுப்புநரா நம்ம சைட் முகவரியைப் போட்டு, "ரிப்ளை டு"ல, அதாவது நம்ம பதில் போற இடத்துல, அவங்களோடதை வைக்கறேன்.

சித்தப்பா: அந்த 3 நம்பரையும் எனக்கு அனுப்புடா. நானே கூப்பிடறேன்.

சித்தப்பா: ஒரு கல்யாணம் முடிஞ்சே போச்சாம். இன்னொருத்தர் பதில் வராததால வேற குழுவை வெச்சுட்டாங்க. கேக்கவே கஷ்டமா இருந்துச்சு. மூணாவது பொண்ணு மட்டும் இன்னும் யாரையும் முடிக்கல. மேடை அளவு மண்டபத்துல கேட்டு நாளைக்குச் சொல்றேன்னுச்சு.

தங்கச்சி: புது ஃபார்ம் ஏத்திட்டேன். அண்ணி, இன்னொரு தடவை?

அண்ணி: ஒரு நிமிஷம்கூட ஆகல. ஆனா அனுப்பினதும் "நன்றி"ன்னு மட்டும் வருது. யாரு எப்போ கூப்பிடுவாங்கன்னு தெரியலையே?

தங்கச்சி: ஆமால்ல. "இன்னைக்கு ராத்திரி 8 மணிக்குள்ள கூப்பிடறோம்"னு போடட்டுமா? 8-க்கு மேல வந்தா "நாளைக்குக் காலையில"ன்னு. ஆனா சொன்னா கூப்பிட்டாகணும்.

சித்தப்பா: போடு. நான் கூப்பிடறேன்.

அண்ணன்: ஒத்திகை நாள்ல சித்தப்பா போன் எடுக்கமாட்டார். அன்னைக்கு மட்டும் எனக்கு வர்ற மாதிரி வை.