மீண்டும் வந்த குருதிப் புற்றுநோய்க்குக் கலங்களை முதிரவைக்கும் குளிசை

கேள்வி:
வணக்கம். கடுமையான மைலோயிட் குருதிப் புற்றுநோய் தணிந்திருந்த என் அம்மாவுக்கு அது மீண்டும் வந்துவிட்டது. கடுமையான கீமோவை அவருடைய உடம்பு இனித் தாங்காது என்றும், என்பு மச்சையை மறுபடியும் எடுத்து ஐடிஎச் என்ற மரபணுவில் விகாரம் (மாற்றம்) இருந்தால் கலங்களை முதிரவைக்கும் குளிசையைப் பற்றி யோசிக்கலாம் என்றும் தெல்லிப்பழையில் பார்க்கும் வைத்தியர் சொல்கிறார். கொல்லாமல் முதிரவைப்பது எப்படி மருந்தாகும்? பழைய அறிக்கை இருக்க, மறுபடியும் ஊசி குத்தத்தான் வேண்டுமா?

பதில் (குருதியியல் விடுதியில் வேலை செய்பவர்):
குத்தத்தான் வேண்டும், தங்கச்சி. மீண்டு வரும் நோயில் முன்பு இல்லாத விகாரம் தோன்றியிருக்கலாம், இருந்தது மறைந்தும் இருக்கலாம்.

இந்த நோயில் வெண்குருதிக் கலங்கள் பிஞ்சிலேயே நின்று பெருகுகின்றன. விகாரமடைந்த ஐடிஎச் நொதியம் 2-ஹைட்ரொக்சிகுளூட்டரேற்று என்ற பொருளைக் கலத்துக்குள் சேர்த்து முதிர்ச்சியைத் தடுக்கிறது. மருந்து அந்த நொதியத்தை அடக்கினால் தடை விலகி, கலங்கள் வளர்ந்து, தம் ஆயுள் முடிந்து இறக்கின்றன. மீண்ட நோய்க்கு, ஐடிஎச்2 விகாரத்துக்கான எனாசிடெனிப் 2017 இலும் ஐடிஎச்1 க்கான ஐவோசிடெனிப் 2018 இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. எனாசிடெனிப்பில் முழுத் தணிவு கண்டவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். இதை அம்மாவிடம் மறைக்காதீர்கள். பலன் தெரிய மாதங்கள் ஆகலாம் என்பதால், முதல் மாத அறிக்கையைப் பார்த்து மருந்தை நிறுத்தச் சொல்லிக் கேட்கவும் வேண்டாம்.

பதில் (மானிப்பாயிலிருந்து):
என் தம்பிக்கு வந்தது இதே நோயின் புரோமைலோசைற்றிக் வகை. கலங்களை முதிரவைத்தே நோயைத் தணிக்கலாம் என்று 1980களில் சாங்காயில் வைத்தியர் வாங் சென்யி காட்டியது அந்த வகையில்தான். தம்பிக்கு மீண்டும் வந்தபோது, கலங்களை முதிரவைக்கும் ஆர்செனிக் ட்ரைஒக்சைட் மருந்தை ஏற்றினார்கள்; 2001 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அதே நிலையில் இருந்த 40 பேரில் 34 பேருக்கு முழுத் தணிவு கிடைத்திருந்தது.

ஆனால் அந்த நாட்களில் ஒருநாள் பின்னேரம் அவனால் நீட்டிப் படுக்க முடியவில்லை, கணுக்காலில் செருப்பு வார் பதிந்த தடம் மாறவில்லை. நாங்கள் காய்ச்சல் என்றே நினைத்தோம். தாதி நிறை பார்த்து, ஒரே நாளில் ஏறியிருப்பதைக் கண்டு வைத்தியரைக் கூப்பிட, உடனே டெக்சாமெதசோன் என்ற ஸ்டெரொயிட் மருந்து போட்டார்கள்.

பதில் (குருதியியல் விடுதியில் வேலை செய்பவர்):
அண்ணா சொன்னது வியத்த நோய்க்குறித்தொகுதி; அதாவது, மருந்தால் கலங்கள் முதிரும்போது வரக்கூடிய ஆபத்தான பக்கவிளைவு. ஐடிஎச் குளிசைகளில் இது மாதங்கள் கழித்தும் வரும். அப்போது அம்மா வீட்டில் இருப்பார். ஆகவே நாளாந்தம் நிறை பாருங்கள். காய்ச்சல், இளைப்பு, வீக்கம், நிறை ஏற்றம் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல், இரவென்றாலும் விடுதிக்கே கொண்டுபோங்கள். குளிசையின் பெயரை முதலில் சொல்லுங்கள்.