மூலத்தைத் திறந்து பார்த்தீர்களா? மேற்கோள் காட்டியதில் நமக்கு நேர்ந்தவை

வாய்மொழித் தேர்வு முடிந்து மூன்று வாரம் ஆகிறது. புறத்தேர்வாளர் கேட்ட ஒரு கேள்வி இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் கீழே எழுதுங்கள்.

இரண்டாம் இயலைப் புரட்டிக்கொண்டிருந்தவர் ஒரு பக்கத்தில் நிறுத்தி, "இந்தக் கட்டுரையைப் படித்தீர்களா?" என்று கேட்டார். "படித்தேன் ஐயா" என்றேன். அவர் பையிலிருந்து அதன் நகலை எடுத்து மேசைமேல் வைத்தார். நான் கொடுத்திருந்த தொடக்கப் பக்கம் 457. நகலில் இருந்தது 475. தட்டச்சுப் பிழை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வேறொரு கட்டுரையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அதன் நூற்பட்டியலிலும் அதே 457. "இவர் செய்த பிழை உங்களுக்கு எப்படி வந்தது?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. பதில் வரும்வரை காத்திருந்தார்.

உண்மையைச் சொன்னேன். மூலக் கட்டுரையை நான் திறந்ததே இல்லை. பின்னால் வந்த அந்தக் கட்டுரை அதைப் பற்றி இரண்டு வரி சொல்லியிருந்தது. வரிகளையும் எடுத்துக்கொண்டேன், மூல ஆசிரியரின் பெயரையும் ஆண்டையும் எடுத்துக்கொண்டேன், அவற்றை எனக்குத் தந்தவரை விட்டுவிட்டேன். நூற்பட்டியல் முழுவதையும் சரிபார்த்துத் தர ஒரு மாதம் கொடுத்திருக்கிறார்கள்.

அச்சுப்பிழையைப் பிடித்துக்கொண்டு இப்படித் துப்புத் துலக்குவதை ஓர் ஆய்வாகவே செய்திருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் 2003இல் வெளியிட்டது. புகழ்பெற்ற ஓர் இயற்பியல் கட்டுரையை ஏறத்தாழ 4300 பேர் மேற்கோள் காட்டியிருந்தார்கள். அவற்றில் 196 இடங்களில் பிழை. ஆனால் தனித்தனிப் பிழைகள் 45தான். பக்க எண்ணில் நேர்ந்த ஒரே பிழை 78 பேரிடம் திரும்பத் திரும்ப வந்திருந்தது. 78 பேருக்கும் கை ஒரே மாதிரி தவறியிருக்க முடியாது. மேற்கோள் காட்டுபவர்களில் சுமார் 20 சதவீதம் பேர்தான் மூலத்தைப் படிக்கிறார்கள் என்பது அவர்கள் வந்தடைந்த மதிப்பீடு.

மூலம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கு நேர்மையான வழி இருக்கிறது. "இன்னார் சொன்னது, இன்னாரின் நூலில் எடுத்துக்காட்டியபடி" என்று எழுதிவிட்டு, நூற்பட்டியலில் நம் கையில் இருக்கும் நூலை மட்டும் சேர்க்க வேண்டும். அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த ஏபிஏ மேற்கோள் முறையும் இதைத்தான் சொல்கிறது. எனக்கு இது முன்பே தெரியும். அப்படி எழுதினால் படிப்பு குறைவாகத் தெரியுமோ என்று பயந்துதான் எழுதாமல் விட்டேன்.

*

உங்களுக்குப் பக்க எண்ணோடு போயிற்று. எங்கள் துறையில் இந்தப் பழக்கம் நோயாளிகள்வரை போய்ச் சேர்ந்திருக்கிறது.

நான் மருந்தியல் மாணவி. ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலி மருந்துகளைப் பற்றிக் கருத்தரங்கக் கட்டுரை எழுதும்போது, "மருத்துவர் சொற்படி எடுத்துக்கொண்டால் அடிமையாவது அரிது" என்று எழுதி, 1980இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த போர்ட்டர், ஜிக் ஆய்வைச் சான்றாகக் கொடுத்திருந்தேன். நான் படித்த பல கட்டுரைகளில் அப்படித்தான் இருந்தது. நெறியாளர், "அந்த ஆய்வின் முறையியலை ஒரு பத்தியில் எழுதிச் சேருங்கள்" என்றார். சரி என்று மூலத்தைத் தேடி எடுத்தேன். கைப்பேசித் திரையை விரலால் தள்ளாமலே முழுவதையும் படித்து முடித்துவிட்டேன். அது இதழாசிரியருக்கு எழுதிய கடிதம். மொத்தமே ஐந்து வாக்கியம். மருத்துவமனையில் உள்நோயாளிகளாக இருந்தபோது அந்த வகை மருந்து பெற்ற 11,882 பேரில், முன்பு அடிமைப் பழக்கம் இல்லாமலிருந்து, பிறகு அடிமையானதாக ஓரளவு தெளிவான பதிவு இருந்தவர்கள் 4 பேர் என்று சொல்கிறது. வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குபவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. முறையியல் என்று எழுத அதில் எதுவுமே இல்லை.

2017இல் அதே இதழில் சிலர் இதைக் கணக்கெடுத்தார்கள். அந்தக் கடிதம் 608 முறை மேற்கோளாகியிருந்தது. 72 சதவீதம் பேர் அடிமையாவது அரிது என்பதற்குச் சான்றாகக் காட்டியிருந்தார்கள். அவை மருத்துவமனையில் படுத்திருந்தவர்களைப் பற்றிய எண்கள் என்பதை 80 சதவீதம் பேர் சொல்லவே இல்லை. பெயர், ஆண்டு, பக்கம் எல்லாம் சரியாக இருந்தாலும் மேற்கோள் பொய்யாக முடியும் என்பதை அன்றுதான் நேரில் கண்டேன்.

*

பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். சென்ற பருவத்தில் ஒரு மாணவர் ஒன்பது கட்டுரைகளின் பட்டியலோடு வந்து, "ஐயா, இதில் நான்கு எங்கேயும் கிடைக்கவில்லை" என்றார். சேர்ந்து உட்கார்ந்து தேடினோம். இதழ்கள் உண்மை, தொகுதி எண்களும் உண்மை. ஆனால் அந்தப் பக்கங்களில் வேறு யாரோ எழுதிய வேறு கட்டுரைகள் இருந்தன. ஒன்றின் டிஓஐ எண்ணை (இணையத்தில் கட்டுரையை அடையாளம் காண அதற்குத் தரும் நிலையான எண்) இட்டுப் பார்த்தால் சம்பந்தமே இல்லாத துறைக்குப் போயிற்று. பட்டியலைத் தந்தது ஏஐ உரையாடல் செயலி என்று பிறகு சொன்னார். பாவம், இரண்டு நாள் அலைந்திருக்கிறார். நான் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தானே வந்தார்.

இல்லாத கட்டுரை மேற்கோளாவது இதற்கு முன்பே உண்டு. எல்சவியர் பதிப்பகம் கட்டுரை ஆசிரியர்களுக்குத் தந்த மாதிரிப் படிவத்தில், நூற்பட்டியல் இப்படி இருக்க வேண்டும் என்று காட்டுவதற்காகக் கற்பனையாக ஒரு கட்டுரையைப் போட்டிருந்தார்கள். ஆசிரியர் வான் டெர் கீர், ஆண்டு 2000. படிவத்தை நிரப்பியவர்கள் அந்த வரியை அழிக்காமலே அனுப்பியிருக்கிறார்கள். 2017இல் இது வெளிச்சத்துக்கு வந்தபோது கிட்டத்தட்ட 400 முறை மேற்கோளாகியிருந்தது.

என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். டிஓஐ இருந்தால் அதைத் திறந்து, தலைப்பும் ஆசிரியரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அரை நிமிடம் ஆகும். பழைய இதழ் என்றால் நூலகத்தில் கேளுங்கள். வேறு நூலகத்திலிருந்து வருவித்துக் கொடுப்பதும் எங்கள் வேலைதான். கேட்கத் தயங்கிக்கொண்டு பலர் இணையத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

*

நான் சொல்வது சிறிய விஷயம். முதுகலையில் என் கட்டுரை ஒன்று கருத்துத் திருட்டு என்று திரும்பி வந்தது. திருடும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. நூலைப் படிக்கும்போது குறிப்பேட்டில் சில வரிகளை அப்படியே எழுதியிருக்கிறேன், சிலவற்றை என் சொற்களில் எழுதியிருக்கிறேன். இரண்டையும் பிரித்துக் காட்ட அடையாளம் எதுவும் இல்லை. ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது எல்லாமே என் வரிகளாகத் தெரிந்தன. இப்போது நூலின் வரி என்றால் முதலில் மேற்கோள் குறியைத் திறந்துவிட்டுத்தான் எழுதுவேன். பக்க எண்ணையும் அப்போதே குறித்துவிடுவேன். "அப்புறம் போட்டுக்கொள்ளலாம்" என்று விட்ட பக்க எண்ணைத் தேடி முழு நூலையும் மறுபடி படித்திருக்கிறேன்.

*

முதலில் எழுதியவன்தான். எல்லோருக்கும் நன்றி. என் பட்டியலில் 163 உருப்படிகள். நேற்று இரவு வரை 131ஐத் திறந்து பார்த்துவிட்டேன். 14 இடங்களில் "எடுத்துக்காட்டியபடி" சேர்த்தேன். ஒரு மூலம், நான் எழுதியதற்கு நேர் எதிராகச் சொல்லியிருந்தது. அந்தப் பத்தியையே எடுத்துவிட்டேன். அது போனதில் இயலின் முடிவும் கொஞ்சம் மாறுகிறது, நெறியாளரிடம் நாளை பேச வேண்டும்.

நூலகர் ஐயா, இரண்டு பழைய இதழ்கள் எங்கேயும் கிடைக்கவில்லை. நீங்கள் சொன்னபடி எங்கள் நூலகத்தில் கேட்கப் போகிறேன். தொகுதி எண், ஆண்டு தவிர வேறு என்ன விவரம் எழுதிக்கொண்டு போனால் அவர்களுக்குத் தேட எளிதாக இருக்கும்?