புதுப்பிப்பு: புள்ளி எல்லைக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கிறதா? தீர்வு கிடைத்தது

ஷேப்லியில் (புள்ளி, கோடு, பலகோணம் போன்ற வடிவங்களைக் கணக்கிடும் பைதான் நூலகம்) எந்தப் புள்ளியைக் கொடுத்தாலும் 'எல்லைக்கு 500 மீட்டருக்குள் இருக்கிறது' என்றே வருகிறது, ஏன் என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இப்போது சரியாக வேலை செய்கிறது.

முதல் பதிலில் சொன்னதுதான் காரணம். ஷேப்லி எல்லாவற்றையும் தட்டையான தளமாகவே பார்க்கிறது. அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் தூரமும் டிகிரியில்தான் வரும். எனக்கு வந்த 0.03 உண்மையில் சில கிலோமீட்டர். அதை மீட்டர் என்று நினைத்து 500-உடன் ஒப்பிட்டிருக்கிறேன். ஒரு டிகிரி ஏறக்குறைய 111 கிலோமீட்டர் என்று வைத்துப் பெருக்கும் யோசனையையும் முயன்றேன். வடக்கு தெற்காகப் பரவாயில்லை. 60° அட்சரேகையில் கிழக்கு மேற்காக ஒரு டிகிரி ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. கடைசியில் பைப்ராஜ் (ஆயத்தொலைவுகளை ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பைதான் நூலகம்) கொண்டு புள்ளி, பாலிகான் (என் பகுதியைக் குறிக்கும் பலகோணம்) இரண்டையும் அந்தப் பகுதியின் யூடிஎம் மண்டலத்துக்கு (மீட்டரில் அளக்கும் தட்டையான வரைபட முறை) மாற்றியதும் தூரம் மீட்டரில் வந்தது.

அப்படியும் பாலிகானுக்கு உள்ளே இருக்கும் புள்ளிகளுக்கெல்லாம் தூரம் 0 என்றே வந்தது. இதில் அரை நாள் போயிற்று. பாலிகான் என்றால் உட்பரப்பும் சேர்த்துத்தான். எல்லைக்கோடு வேண்டுமானால் அதன் 'பவுண்டரி'யிலிருந்து அளக்க வேண்டும். 'எக்ஸ்டீரியர்' எடுத்தால் வெளிவளையம் மட்டுமே வரும், உள்ளே இருக்கும் ஓட்டைகளின் விளிம்பு விடுபடும்.

இன்னொன்று: பைப்ராஜ் இபிஎஸ்ஜி 4326-க்கு (வழக்கமான அட்சரேகை, தீர்க்கரேகை முறையின் குறியீட்டு எண்) அட்சரேகையைத்தான் முதலில் எதிர்பார்க்கிறது. தீர்க்கரேகையை முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்லும் 'ஆல்வேஸ் எக்ஸ்ஒய்' என்பதை ட்ரூ என்று வைக்காததால் என் புள்ளிகள் வேறெங்கோ போய் விழுந்தன.