காயல்பட்டினத்துப் பெண்ணின் காதலை நாவலில் எழுதும்போது எங்கே தவறுகிறது?

கேள்வி
நாயகிக்கு 24 வயது, ஊர் காயல்பட்டினம், சென்னையில் வேலை. அதே அலுவலகத்தில் உத்தமபாளையத்து ராவுத்தர் (தமிழ் முஸ்லிம்களில் ஒரு பிரிவு) வீட்டுப் பையன். இருவருக்கும் பிடித்திருக்கிறது. வாப்பா (அப்பா) மறுக்கிறார்; அவள் முக்காட்டை எறிந்துவிட்டு அவனோடு போகிறாள். நிக்காஹில் (திருமண ஒப்பந்தத்தில்) மூன்று முறை 'கபூல் ஹை' (ஏற்றுக்கொள்கிறேன்) சொல்கிறாள். படித்தவர்கள் "முஸ்லிம் பேரு வச்ச வேற யாரோ மாதிரி இருக்கு" என்கிறார்கள். எதை மாற்றலாம்?

மறுமொழி 1
முதலில் 'கபூல் ஹை'யை எடுத்துவிடுங்கள், அது இந்திப் படத்து வசனம். நம் பக்கத்து நிக்காஹ் சபையில் பெரும்பாலும் பெண் இருப்பதே இல்லை. வலி (பெண்ணை மணமுடித்துத் தரும் பொறுப்பாளர்), அதாவது வாப்பா, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து 'இன்ன மஹருக்கு (மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மணக்கொடை) என் மகளை மணமுடித்துத் தந்தேன்' என்பார், அல்லது அவர் சார்பில் ஆலிம் (மார்க்க அறிஞர்) சொல்வார். மாப்பிள்ளை ஏற்றுக்கொள்வார். இரண்டு சாட்சிகள். பிறகு தப்தரில் (திருமணப் பதிவேட்டில்) கையெழுத்து.

உங்களுக்கு வேண்டிய காட்சி அதற்கு முன்பே, வீட்டுக்குள் நடந்துவிடுகிறது. வாப்பா வந்து சம்மதம் கேட்பார். கன்னிப் பெண்ணின் மௌனமே சம்மதம் என்று ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. அந்த மௌனத்தை எழுதுங்கள். உள்ளங்கையில் மருதாணி. பின்னால் நின்று ராத்தா (அக்கா) தோளை அழுத்துகிறாள். தலை குனிந்தது அவளாகவா, அந்தக் கை அழுத்தியதாலா? ஒரு பக்கம் முழுக்க எழுத இடமிருக்கிறது.

ஓடிப்போவதிலும் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளில் காயல் ஷாஃபிஈ, ராவுத்தர்கள் ஹனஃபி. வயதுவந்த பெண் தானே செய்துகொள்ளும் நிக்காஹ் ஹனஃபியில் செல்லும். ஷாஃபிஈயில் வலி இல்லாமல் செல்லாது. அவன் ஊரில் அவள் மனைவி, அவள் ஊரில் இல்லை. வலி காரணமில்லாமல் மறுத்தால் அந்த உரிமை காஜியாரிடம் (இஸ்லாமிய நீதிபதியிடம்) போகும் என்பதும் ஷாஃபிஈ சட்டம்தான். படித்த பெண் ஓடுவதற்கு முன் அந்தக் கதவைத் தட்டமாட்டாளா?

மறுமொழி 2
வாப்பாவை வில்லனாக்கியதால்தான் கதை தட்டையாகிவிட்டது. காயலில் கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். "எம் புள்ளய அங்க அனுப்பவா பெத்தேன்?" என்று பையனின் அம்மா கேட்பார். நிஜமான முட்டுக்கட்டை அங்கிருந்து வரும்.

அந்த வீட்டு அமைப்பே உங்களுக்கு நிறையத் தரும். ராத்தாவின் மாப்பிள்ளை அதே வீட்டில் இருக்கிறார், ஆனால் மஹ்ரம் (என்றைக்கும் மணமுடிக்கக் கூடாத நெருங்கிய உறவு) இல்லை. அவர் செருமும் சத்தம் கேட்டதும் இவள் கை தானாக முக்காட்டுக்குப் போகும். பெண்கள் நடக்கும் முடுக்கு (சந்து) வேறு, ஆண்களின் தெரு வேறு. மாமா மகனும் மஹ்ரம் இல்லை, கட்டிக்கொள்ளலாம். ஒரே தாயிடம் பால் குடித்திருந்தால் மட்டும் முடியாது: ஷாஃபிஈக்கு ஐந்து தடவை குடித்திருக்க வேண்டும், ஹனஃபிக்கு ஒரு தடவையே போதும்.

பேச்சில் கவனம் வேண்டும். அவள் வாப்பா, உம்மா (அம்மா), காக்கா (அண்ணன்), ராத்தா என்பாள். அவன் அத்தா (அப்பா), அம்மா என்பான். உங்கள் வரைவில் இருவரும் ஒரே மாதிரி பேசினால் படிப்பவர் அங்கேயே விலகிவிடுவார்.

கேட்டவர்
கதையின் முடிவை மாற்றுகிறேன். தொடாமல், தனியாகச் சந்திக்காமல் காதலை எப்படிக் காட்டுவது?

மறுமொழி 1
தனித்திருத்தல் கூடாது என்பது அவளே நம்புவதாக இருக்கட்டும். ஊருக்குப் பயந்து என்று எழுதினால் அவள் சிறுத்துப்போவாள். மீட்டிங் அறைக் கதவை அவள் திறந்தே வைக்கிறாள். மறுவாரம் அவள் வருவதற்குள் அவனே கதவுக்குக் கட்டை வைத்திருக்கிறான்.

மறுமொழி 3
நோன்பு மாதத்தையும் பயன்படுத்துங்கள். பல நாவல்களில் நாயகி முப்பது நாளும் நோன்பு பிடிக்கிறாள், அது தவறு. மாதவிலக்கு நாட்களில் நோன்பும் இல்லை, தொழுகையும் இல்லை. நோன்பைப் பிறகு களாச் செய்வாள் (விட்டதை வேறு நாளில் நிறைவேற்றுவாள்), தொழுகைக்குக் களா கிடையாது. அந்த நாட்களிலும் ஆண்கள் முன்னால் சாப்பிடக் கூச்சப்படுவாள். ஒரு மதியம், மாடிப்படித் திருப்பத்தில் அவள் தண்ணீர் குடிப்பதை அவன் பார்த்துவிடுகிறான். அக்கா தங்கையோடு வளர்ந்தவன். ஒன்றும் கேட்காமல் திரும்பி, படிக்கட்டின் கீழே யாரும் ஏறி வராதபடி நின்றுகொள்கிறான்.