பழைய சஸ்பென்ஸ் படங்களில் இன்னும் உங்களை விடாத பெண் யார்?

கீரைக்கட்டு
ஹிட்ச்காக்கின் ரியர் விண்டோ, 1954. எல்லாரும் பார்த்திருப்பீர்கள், கதை வேண்டாம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார், வசனத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். எதிர்வீட்டு மனைவி ஊருக்குப் போய்விட்டாளாம், ஆனால் அவள் நகை கைப்பையோடு புருஷனிடம் இருக்கிறது. "நகையை விட்டுட்டு எவ ஊருக்குப் போவா?" என்றார் அம்மா. கால் உடைந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் நாயகனின் காதலி லிசா அதைச் சொல்வதற்கு முன்பே! லிசா சொன்னதைக் கேட்ட நாயகனின் போலீஸ் நண்பன், பெண்களின் உள்ளுணர்வு என்பதெல்லாம் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிடுகிறான். அப்புறம் லிசாவே அந்த எதிர்வீட்டில் ஏறிக் குதித்து, செத்தவளின் மோதிரத்தை விரலில் மாட்டி, கையை முதுகுக்குப் பின்னால் வைத்து ஜன்னல் பக்கம் காட்டுவாளே, அந்த இடத்தில் அம்மா கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நின்றார். "நானும்தான் சொன்னேன், உங்கப்பா கேட்கலை." எதை என்று நான் கேட்கவில்லை. இன்னும் கேட்கவில்லை.

இரவுப்பறவை
மேலே எழுதியவரோடு எனக்கு உடன்பாடில்லை. உயிரைப் பணயம் வைத்த பிறகுதானே நாயகன் லிசாவை மரியாதையாகப் பார்க்கிறான்? அதுவரை பட்டு உடுத்தத்தான் லாயக்கு என்று நினைத்தவன். கடைசியில் அவன் தூங்கும்வரை இமயமலைப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்துவிட்டு, தூங்கியதும் ஃபேஷன் பத்திரிகையை எடுக்கிறாள் பாருங்கள், அவளுக்கும் அது தெரியும்.

என்னை விடாதது ஹிட்ச்காக்கின் இன்னொரு படம், வெர்டிகோ. செத்துப்போன காதலி உடுத்திய அதே சாம்பல் நிற உடைதான் வேண்டும் என்று கடையில் நாயகன் ஸ்காட்டி ஒவ்வொன்றாகத் தள்ளிவிட, அவளைப் போலவே இருக்கும் ஜூடி அழுகிற முகத்தோடு நிற்பாள். நிச்சயம் முடிந்து புடவை எடுக்கப் போன கடையில் நானும் அப்படித்தான் நின்றேன். ஏழு புடவையை அவர் வேண்டாம் என்றார், நான் ஒன்றைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

தாழ்வாரம்
எனக்கு கேஸ்லைட், 1944. புருஷனை நாற்காலியில் கட்டிப்போட்டிருக்கிறார்கள். கத்தியை எடுத்துக் கயிற்றை அறு என்று மனைவியிடம் சொல்கிறான். இத்தனை நாள் என்னைப் பைத்தியம் என்றாயே, பைத்தியத்தால் எப்படி உதவ முடியும் என்று இங்க்ரிட் பெர்க்மன் கத்தியோடு நிற்பார். அவ்வளவுதான்.

இரவுப்பறவை, உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புடவைதானே என்று விடாதீர்கள். அன்றன்று நடந்ததைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், ஏனென்றால் "நான் அப்படிச் சொல்லவேயில்லை" என்ற பேச்சு வரும்போது நம் ஞாபகத்தின் மேலேயே நமக்குச் சந்தேகம் வந்துவிடும். அக்கா தங்கை, தோழி, யாரிடமாவது அவ்வப்போது சொல்லிவையுங்கள். உங்கள் பெயரில் தனியாக ஒரு வங்கிக் கணக்கு இருக்கட்டும், ஏடிஎம் கார்டு உங்கள் கையில் இருக்கட்டும். அந்தப் படத்தில் அவளை வெளியே போகவிடாமல், யாரிடமும் பேசவிடாமல் வைத்துத்தானே அவன் காரியம் சாதிக்கிறான்?

இரவுப்பறவை
அக்கா, அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. ஆனால் நோட்டு விஷயம் சரி.

மாடிவீடு
தமிழில் வந்த "அந்த நாள்" படத்தை ஒருவரும் சொல்லவில்லையே! அதுவும் 1954தான், பாட்டே கிடையாது. நாட்டைக் காட்டிக்கொடுப்பவன் கணவன் என்று தெரிந்ததும் உஷாவாக வரும் பண்டரிபாய் அவனை நோக்கித் துப்பாக்கியைத் தூக்குவாள். பண்டரிபாய் என்றால் அழும் அம்மா என்று நினைத்திருந்தவன் நான். டிவிக்கு முன்னால் தட்டில் சோறு ஆறிப்போனது. "கட்டின புருஷனையா?" என்று பாட்டி கேட்டார், தாத்தா ஒன்றும் சொல்லாமல் சத்தத்தைக் குறைத்தார்.