ஆல்ட்டோ சாக்ஸபோனில் சோல் பாட்டு ஆல்பம்: பல்லவி மட்டும் மெலிஞ்சு கேக்குது

புதூர்_ரீட்:
மதுரை புதூர்ல பத்துக்குப் பத்து மாடி ரூம், காங்கிரீட் கூரை. எழுபதுகளின் சோல் (அமெரிக்கக் கறுப்பினத்தவரோட பாட்டு வகை) பாட்டு ஆறு, பழைய சினிமாப் பாட்டு ரெண்டு பதிவு பண்றேன். கண்டென்சர் மைக், பெல்லுக்கு (சாக்ஸோட விரிஞ்ச வாய்) நேரா ஒரு சாண் தள்ளி. ரீட் (ஊதுற இடத்துல இருக்கிற நாணல் பட்டை) கனம் 3. 'ஈ' மேஜர் கரோக்கி டிராக்ல பல்லவி சன்னமா, ஸ்ருதி நிக்காம வருது. மைக்கை மாத்தணுமா?

மாசிவீதி_ஆல்ட்டோ:
மைக்கை விடுங்க, கட்டையை மாத்துங்க. ஆல்ட்டோவுல எழுதுற சுரம் வேற, கேக்குற சுரம் வேற: டிராக்ல 'ஈ'ன்னா ஆல்ட்டோவுல சீ-ஷார்ப். நடு சீ-ஷார்ப் ஒரு விரலும் மூடாத சுரம், சன்னமாத்தான் வரும். அதுக்கு அடுத்த 'டீ' எல்லா விரலும் மூடி, அடைச்சாப்புல இருக்கும். மெட்டு இந்த ரெண்டுக்கும் நடுவுல ஏறி இறங்குனா, ரெண்டு பேர் மாறி மாறி ஊதுற மாதிரி கேக்கும். டிராக்கை அரைச்சுரம் இறக்கி ஈ-பிளாட் ஆக்குங்க. உங்களுக்கு அது சீ மேஜர். சீ-ஷார்ப் அநேகமா வராது.

ஒத்தக்கடை_மிக்ஸ்:
கட்டை சரிதான், ஆனா மைக்கும் தப்பு. சாக்ஸ்ல சத்தம் பெல்லுல மட்டுமா வருது? திறந்திருக்கிற எல்லா ஓட்டையிலயும் வருது. ஒன்றரை அடி தள்ளி, பெல் விளிம்புக்கும் இடது கை சாவிகளுக்கும் நடுவுல குறி வைங்க. முதுகுக்குப் பின்னாடியும் தலைக்கு மேலயும் கெட்டியான ஜமுக்காளம். பதிவு அளவோட உச்சம் (பீக்) மைனஸ் 10 டெசிபல் தாண்ட வேணாம். ஆல்ட்டோவோட அடிச்சுரமே 139 ஹெர்ட்ஸ் கிட்ட, அதனால 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கிற சத்தத்தை தாராளமா வெட்டலாம். ஃபேனை நிறுத்துனா நம்ம ஊர்ல ரூம் கொதிக்கும், கூடவே ஸ்ருதியும் ஏறும். டேக்குக்கு டேக் ட்யூனர் பாத்து மவுத்பீஸை ஒரு மில்லிமீட்டர் வெளிய இழுங்க.

மாசிவீதி_ஆல்ட்டோ:
ரீட் 2.5 போதும், மெதுவா ஊதும்போது 3 வெறும் காத்தா இரையும். அப்புறம், பாட்டு வரியை எழுதி வச்சுக்கிட்டு ஊதுங்க: வல்லினம் வர்ற இடத்துல நாக்கால ரீட்டைத் தொடுங்க, மத்த இடத்துல காத்து மட்டும். பாடகர் மூச்செடுக்கிற இடத்துல நீங்களும் எடுங்க. அந்த இடைவெளியில சங்கதி போட்டு நிரப்புறதுதான் பாதி கவர்களை (ஏற்கெனவே வந்த பாட்டை மறுபடி பதிவு பண்றது) கெடுக்குது.

வைகைக்கரை:
வெளியிடுறதுக்கு முன்னாடி: மெட்டுக்கு உரிமை வேற, கரோக்கி டிராக்குக்கு உரிமை வேற. ரெண்டுக்கும் அனுமதி வேணும். பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 31சி-ல (2012 திருத்தம்) கவருக்கு வழி இருக்கு: முதல் பதிவு வந்த வருஷம் முடிஞ்சு 5 வருஷம் ஆகியிருக்கணும், முன்னறிவிப்பு குடுக்கணும், குறைஞ்சது 50,000 பிரதிக்கு ராயல்டி முன்கூட்டியே கட்டணும். சின்ன ஆல்பத்துக்கு அது கட்டுபடியாகாது. உரிமைதாரர்கிட்ட நேரா கேக்குறதே லேசு.